ரைபிள் குழலின் ட்விஸ்டும் குண்டின் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழலில் 1:8, 1:12 என்று பொறித்திருக்கிறதே, அது என்ன?

குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் புரிகள் எவ்வளவு தூரத்தில் ஒரு முழுச் சுற்றை முடிக்கின்றன என்ற கணக்கு அது. இதைத்தான் ட்விஸ்ட் என்கிறோம். 1:8 என்றால் குண்டு 8 அங்குலம் நகர்வதற்குள் ஒரு சுற்று சுற்றிவிடும். 1:12 என்றால் அதே ஒரு சுற்றுக்கு 12 அங்குலம் வேண்டும். ஆகவே இரண்டாவது எண் சிறியதாக இருந்தால் சுழற்சி அதிகம். சுடுபவர்கள் 1:7-ஐ வேகமான ட்விஸ்ட் என்றும் 1:14-ஐ மெதுவான ட்விஸ்ட் என்றும் சொல்வார்கள். ஐரோப்பியக் குழல்களில் மில்லிமீட்டரில் போட்டிருந்தால் 25.4 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. என்பது 1:7.87.

தோட்டா என்று இங்கே சொல்வது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படியை. குண்டு என்பது குழலை விட்டுப் பறக்கும் பகுதி மட்டும். ட்விஸ்ட் விவகாரம் முழுக்கக் குண்டைப் பற்றியது.

குண்டு எதற்காகச் சுழல வேண்டும்?

கூர்முனைக் குண்டின் கனமெல்லாம் பின்பக்கம் இருக்கிறது. காற்று எதிர்த்துத் தள்ளும் விசையோ ஈர்ப்பு மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கம் விழுகிறது. சும்மா விட்டால் குண்டு பறக்கும்போதே குட்டிக்கரணம் அடித்துவிடும். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, போதுமான சுழற்சி இருந்தால் குண்டின் மூக்கு முன்னோக்கியே இருக்கும்.

உருண்டைக் குண்டுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. அதனால்தான் வாய்வழி மருந்து இடிக்கும் பழைய பாணி ரைபிள்களில் 1:48, 1:66 போன்ற சோம்பேறி ட்விஸ்டே தாராளமாகப் போதும்.

எடைக்கு ஏற்ற ட்விஸ்ட் என்கிறார்களே, எடைதான் முக்கியமா?

இல்லை, நீளம்தான். ஒரே விட்டத்தில், ஒரே பொருளில், ஒரே மாதிரி வடிவத்தில் செய்த குண்டுகளில் எடை கூடினால் நீளமும் கூடியே ஆக வேண்டும். அதனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எடையை நீளத்துக்குப் பதிலாக வைத்துப் பேசும் வழக்கம் வந்துவிட்டது. ஈயம் நிரப்பிய சாதாரணக் குண்டுகள் மட்டும் இருந்த காலத்தில் இந்தக் குறுக்குவழி நன்றாகவே வேலை செய்தது.

இன்று அது அடிக்கடி காலை வாருகிறது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி சுமார் 8.9. முழுச் செம்பில் கடைந்த குண்டு அதே எடையுள்ள ஈயக் குண்டைவிடக் கணிசமாக நீளும். .224 அங்குல விட்டத்தில் 70 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) செம்புக் குண்டுகள் சில, 77 கிரெயின் ஈயக் குண்டையே நீளத்தில் தாண்டுகின்றன. எடையை மட்டும் பார்த்து, எழுபதுதானே என்று 1:9 குழலில் போட்டால் குண்டு பக்கவாட்டாகத் திரும்பி டார்கெட்டில் விழலாம். தட்டை அடிக்குப் பதிலாகப் படகு வால் வைத்தாலும், மூக்கை நீட்டிக் கூராக்கினாலும் இதே கதைதான்: எடை மாறாது, நீளம் மாறும்.

எனவே பட்டியல்களில் எடையைப் படியுங்கள், ஆனால் மனதுக்குள் நீளத்தை நினையுங்கள். ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் அரை நிமிட வேலை.

சூத்திரம் ஏதாவது உண்டா?

இரண்டு உண்டு. பழையது கிரீன்ஹில் சூத்திரம். இங்கிலாந்தின் வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் தந்தது. பீரங்கிக் குண்டுகளுக்காகப் போட்ட கணக்கு, பிறகு ரைபிளுக்கும் வந்துவிட்டது. விட்டத்தின் வர்க்கத்தை 150 ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் தேவையான ட்விஸ்ட் அங்குலத்தில் கிடைக்கும். குண்டு நொடிக்கு 2800 அடிக்கு மேல் போனால் 150-க்குப் பதில் 180 போடுவது வழக்கம். கவனியுங்கள், இதில் எடை என்ற சொல்லே வரவில்லை.

.308 விட்டம், 1.22 அங்குல நீளம் என்றால் விடை சுமார் 11.7. அதாவது 1:12 எல்லைக்கோட்டில் நிற்கிறது, 1:11 நிம்மதி.

புதியது டான் மில்லர் 2005-இல் வெளியிட்டது. இது எந்த ட்விஸ்ட் வேண்டும் என்பதோடு நிற்காமல், இருக்கும் ட்விஸ்டில் குண்டு எவ்வளவு நிலையாக இருக்கும் என்று ஓர் எண்ணையும் கொடுக்கும். அந்த எண்ணுக்கு எஸ்ஜி என்று பெயர். முதலில் ட்விஸ்டையும் குண்டின் நீளத்தையும் விட்டத்தால் வகுத்து, காலிபர் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். கிரெயினில் எடையை 30 ஆல் பெருக்கி மேலே வையுங்கள். கீழே நான்கு எண்களின் பெருக்கல்: ட்விஸ்டின் வர்க்கம், அங்குல விட்டத்தின் முப்படி, நீளம், நீளத்தின் வர்க்கத்தோடு 1 கூட்டியது. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் எஸ்ஜி.

மேலே சொன்ன .308 குண்டின் எடை 168 கிரெயின், குழல் 1:12 என்று வையுங்கள். மேலே 5040 வரும், கீழே ஏறக்குறைய 2930. எஸ்ஜி 1.72. கிரீன்ஹில் எல்லைக்கோடு என்று சொன்ன அதே ஜோடியை மில்லர் தாராளம் என்கிறார். நடைமுறை மில்லர் பக்கம்தான், 168 கிரெயின் குண்டு 1:12-இல் சுகமாகப் பறக்கிறது. இன்றைய குண்டுகளுக்கு மில்லரையே நம்புங்கள். கிரீன்ஹிலை மனக்கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

எஸ்ஜி எவ்வளவு இருந்தால் போதும்?

1-க்குக் கீழே போனால் குண்டு நிற்காது, புரண்டுவிடும். 1-க்கும் 1.4-க்கும் இடையே தாளில் வட்டத் துளை விழும், குழுவும், அதாவது துளைகள் சேர்ந்து விழும் கொத்தும், நன்றாகவே இருக்கலாம், ஆனால் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே போகும். அந்தத் தள்ளாட்டம் காற்றின் எதிர்ப்பைக் கூட்டிவிடுவதால், பெட்டியில் போட்டிருக்கும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், அதாவது குண்டு காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துப் போகும் என்ற எண், முழுதாகக் கைக்கு வராது. முன்பு 1.4-ஐப் பாதுகாப்பான கீழ் எல்லையாக வைத்தார்கள். அப்புறம் தூரச் சுடுதலில் குண்டின் பறத்தலை ஆராயும் பிரையன் லிட்ஸ் செய்த அளவீடுகள் 1.5-ஐ வழக்கமாக்கிவிட்டன.

100 கெஜத்துக்குள் சுடுபவருக்கு 1.3-க்கும் 1.6-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்ணில் படாது. 600 கெஜத்தில் பக்கக் காற்று வீசும்போது படும்.

.223-க்கு எந்த எடைக்கு எந்த ட்விஸ்ட்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், காரணமும் இருக்கிறது. குண்டின் விட்டம் .224 அங்குலமான இந்த ஒரே தோட்டாவில் 40 கிரெயினிலிருந்து 90 கிரெயின் வரை குண்டுகள் கிடைக்கின்றன. குழல்களோ 1:14-லிருந்து 1:7 வரை எல்லா ரகத்திலும் வருகின்றன.

ஈயம் நிரப்பிய குண்டுகளுக்குத் தோராயமாக இப்படி: 1:12-க்கு 55 கிரெயின் வரை. 1:9-க்கு 69 வரை நம்பலாம், சில குழல்களில் 75-ம் ஓடும். 1:8-க்கு 77, பல நேரம் 80. அதற்கு மேலே, முக்கியமாக 90-க்கு, 1:7.

77 கிரெயின், ஒரு அங்குல நீளக் குண்டை மில்லர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் இந்தப் பட்டியலின் காரணம் புரியும். 1:12-இல் எஸ்ஜி 0.77, வாய்ப்பே இல்லை. 1:9-இல் 1.36, பறக்கும், ஆனால் கைவசம் மிச்சம் இல்லை. 1:8-இல் 1.73. 1:7-இல் 2.25. ஓர் அங்குல மாற்றத்துக்கு இவ்வளவு தாவல் ஏன் என்றால், சூத்திரத்தில் ட்விஸ்ட் வர்க்கமாக வருகிறது.

இந்தத் தோட்டாவின் வரலாறே ட்விஸ்ட் பாடம்தான். ஏஆர்-15 ரைபிள் முதலில் 1:14 குழலோடு வந்தது. 55 கிரெயின் குண்டுக்கு 15 பாகை செல்சியஸில் அது ஏறக்குறைய எஸ்ஜி 1, அதாவது விளிம்பில் நடக்கிற வேலை. கடுங்குளிரில் காற்று அடர்த்தியானதும் குண்டு தடுமாறியது. 1963-இல் அமெரிக்க ராணுவம் 1:12-க்கு மாறியது. 1980-களில் 62 கிரெயின் குண்டோடு எம்16ஏ2 வந்தபோது 1:7 வைத்தார்கள். அந்த 62 கிரெயினுக்கு 1:9 போதும். கூடவே வந்த ஒளிவால் குண்டு, அதாவது ட்ரேசர், எடையில் ஏறக்குறைய அதேதான், ஆனால் வாலில் எரிபொருள் அடைத்ததால் நீளம் மிக அதிகம். 1:7 அதற்காக வைத்தது. எடை அல்ல நீளம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

.308, .30-06 வகையில்?

இங்கே தலைவலி குறைவு. 1:12 குழல் 150 முதல் 168 வரை சுகமாக, 175 வரை பெரும்பாலும் சரியாகவே சுடும். 180-க்கு மேலே, 200, 220 என்று போனால் 1:10. .30-06 ஆரம்பத்திலிருந்தே 1:10-இல் இருப்பதற்குக் காரணம், அதன் முன்னோடியான 1903-ஆம் ஆண்டுத் தோட்டா நீளமான 220 கிரெயின் மொட்டை மூக்குக் குண்டைச் சுட்டது. குண்டு இலேசானது, குழல் மாறவில்லை.

தவறான ட்விஸ்டால் ஒரு தோட்டாவே தோற்றதாகச் சொல்கிறார்களே?

.244 ரெமிங்டன். 1955-இல் ரெமிங்டனும் வின்செஸ்டரும் ஆளுக்கொரு 6 மி.மீ. தோட்டாவைக் கொண்டுவந்தன. வின்செஸ்டரின் .243, 1:10 குழலோடு 100 கிரெயின் குண்டையும் சுட்டது. ரெமிங்டன் தன் தோட்டாவைப் பூச்சிவேட்டை எனப்படும் சிறு பிராணி வேட்டைக்கானதாக நினைத்து 1:12 வைத்தது, 90 கிரெயினோடு நின்றது. மான் வேட்டைக்கும் ஒரே ரைபிள் வேண்டும் என்றவர்கள் எல்லாரும் .243 பக்கம் போனார்கள். ரெமிங்டன் பிறகு ட்விஸ்டை 1:9 ஆக்கி, 1963-இல் 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றியது. ஆனால் அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. கூடு அளவில் .244 கொஞ்சம் பெரியது, வேகத்திலும் சளைத்ததல்ல. குழலுக்குள் இரண்டு அங்குலக் கணக்கு அதைக் கவிழ்த்தது.

6.5 மி.மீ. தோட்டாக்கள் இந்தச் சிக்கலில் மாட்டவே இல்லை. 1890-களின் ஸ்வீடன் ரைபிள் 156 கிரெயின் நீளக் குண்டுக்காக 200 மி.மீ. ட்விஸ்டோடு பிறந்தது. 2007-இல் வந்த 6.5 க்ரீட்மூர் 1:8. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. இன்றைய நீளமான 140 கிரெயின் குண்டுகள் அவற்றில் அப்படியே பொருந்திவிட்டன.

அப்படியானால் எப்போதும் வேகமான ட்விஸ்டே வாங்கிவிடலாமே? அதிகச் சுழற்சியால் கெடுதல் உண்டா?

உண்டு, ஆனால் பேச்சில் இருக்கிற அளவுக்கு இல்லை. சுழற்சி போதாவிட்டால் எல்லாமே போச்சு. அதிகமானால் கொஞ்சம் போகும். சந்தேகம் வந்தால் வேகமான பக்கம் சாய்வதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

முதல் கெடுதல், குண்டின் குறையைப் பெரிதாக்கிக் காட்டும். ஜாக்கெட் (ஈயத்தை மூடியிருக்கும் உலோக உறை) ஒரு பக்கம் தடித்து, ஈர்ப்பு மையம் நடு அச்சிலிருந்து இழையளவு விலகியிருந்தால், குழலை விட்டு வெளிவரும் கணத்தில் குண்டு பக்கவாட்டில் எறியப்படும். எறிகிற வேகம் சுழற்சியோடு கூடும். ரைபிளை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் குறைந்த தூரத்துக்குக் குட்டைக் குண்டும் மெதுவான ட்விஸ்டும் வைத்துக்கொள்வது இதனால்தான். நல்ல மேட்ச் (போட்டிக்கான) குண்டில் இந்தக் குறை மிகச் சிறியது, சாதாரணச் சுடுநருக்குத் தெரியாது.

இரண்டாவது, குண்டே காற்றில் சிதறுவது. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பார்க்க, நொடிக்கு அடியில் உள்ள வேகத்தை 720 ஆல் பெருக்கி ட்விஸ்டால் வகுங்கள். 3300 அடி வேகத்தில் 1:7 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,40,000 சுற்று. மெல்லிய ஜாக்கெட் போட்ட 40, 50 கிரெயின் வேட்டைக் குண்டுகள் பல, மூன்று லட்சத்தைத் தாண்டினால் தாங்காது. டார்கெட்டில் துளையே இல்லை, நடுவழியில் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது என்றால் அதுதான். தடித்த ஜாக்கெட் குண்டுகளுக்கு இந்தப் பயம் இல்லை.

என் குழலில் எதுவும் பொறிக்கவில்லை. எப்படி அளப்பது?

முதலில் மேகசினைக் கழற்றி, அறையைத் திறந்து, காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு, கைப்பிடி தாராளமாகச் சுழலும் க்ளீனிங் ராடில் இறுக்கமான துணியைப் போட்டுக் குழலுக்குள் ஓரிரு அங்குலம் தள்ளுங்கள். ராடின் மேல்பக்கம் ஒரு கோடும், குழல் விளிம்போடு சேரும் இடத்தில் ஒரு கோடும் போடுங்கள். மெதுவாகத் தள்ள, துணி புரியைப் பிடித்துக்கொண்டு ராடைச் சுற்ற வைக்கும். மேல் கோடு ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி மேலே நின்றதும் குழல் விளிம்பில் இன்னொரு கோட்டைப் போட்டு, விளிம்புக் கோடுகள் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் ட்விஸ்ட். குட்டைக் குழலாக இருந்தால் அரைச் சுற்று அளந்து இரட்டிப்பாக்கலாம். துணி வழுக்கினால் எண் பொய் சொல்லும், அதனால் மூன்று முறையாவது அளந்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பொறித்திருந்தாலும் ஒருமுறை அளப்பது நல்லது. 1:9 என்று பொறித்த குழல் கொஞ்சம் இப்படியோ அப்படியோ இருப்பது அதிசயம் இல்லை.

குளிரும் உயரமும் எவ்வளவு பாதிக்கும்?

குண்டைக் கவிழ்க்கப் பார்ப்பது காற்று. காற்று அடர்ந்தால் எஸ்ஜி குறையும், மெலிந்தால் கூடும். 15 பாகை செல்சியஸிலிருந்து மைனஸ் 40-க்கு இறங்கினால் எஸ்ஜி ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 1.36 இருந்தது 1.10 ஆகும். 1500 மீட்டர் உயரத்துக்கு ஏறினால், வெப்பநிலை மாறாத வரை, ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். மலைமேல் அழகாகச் சுட்ட ரைபிள் கடற்கரைக் குளிரில் தடுமாறினால் ரைபிளைத் திட்டாதீர்கள்.

குட்டைக் குழலில் வேகம் குறைகிறதே, வேறு ட்விஸ்ட் வேண்டுமா?

சூப்பர்சானிக் வேகங்களில் பெரிதாக இல்லை. எஸ்ஜி வேகத்தின் முப்படி மூலத்தோடுதான் மாறுகிறது. 3200-லிருந்து 2700 அடியாகக் குறைந்தாலும் இழப்பு 5, 6 சதவீதம்தான். 1:9-லிருந்து 1:8-க்குப் போனால் கிடைப்பதோ 27 சதவீதம்.

ஒலி வேகத்துக்குக் கீழே சுடும் .300 ப்ளாக்அவுட் வேறு கதை. 220 கிரெயின், ஒன்றரை அங்குல நீளம், நொடிக்கு ஆயிரம் அடிச் சொச்ச வேகம். 1:12 போதவே போதாது. 1:8 அல்லது 1:7 வைக்கிறார்கள். இதில் சைலன்சரும் மாட்டியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: தள்ளாடும் குண்டு உள்தட்டில் உரசினால் சைலன்சர் பாழ், ஆபத்தும்கூட.

.22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டாவுக்கு?

பெரும்பாலும் 1:16, பெரும்பாலும் ஏறக்குறைய 40 கிரெயின். அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 60 கிரெயின் சப்சானிக் (ஒலி வேகத்துக்குக் கீழே பறக்கும்) வகையை மட்டும் 1:16-இல் தவிர்த்துவிடுங்கள், குண்டு பக்கவாட்டாகத் திரும்பித் தாளில் விழும்.

தூரம் போகப்போகச் சுழற்சி குறைந்து குண்டு நிலை குலையுமா?

எதிர்பார்ப்புக்கு மாறாக, எஸ்ஜி தூரத்தோடு கூடுகிறது. முன்னோக்கிய வேகம் சீக்கிரம் தேய்கிறது, சுழற்சி மிக மெதுவாகத்தான் தேய்கிறது. எனவே குழல் வாயில் நிலையாக இருந்தது பிறகு ட்விஸ்டால் கெடாது.

ஆனால் ஒலி வேகத்தை நெருங்கும் இடத்தில் சில குண்டுகள் தடுமாறுவது உண்மை. .308-இன் புகழ்பெற்ற 168 கிரெயின் மேட்ச் குண்டு 1000 கெஜத்துக்கு முன்பே அப்படித் தடுமாறும். அது வால் வடிவத்தின் கோளாறு, வேகமான ட்விஸ்ட் போட்டுத் தீராது. வேறு குண்டு வாங்க வேண்டும்.

ப்ளாஸ்டிக் முனை உள்ள குண்டின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

முழு நீளத்தையும் போட்டால் மில்லர் சூத்திரம் தேவைக்கு மேல் பயமுறுத்தும். முனை நீளமாக இருந்தாலும் கனமே இல்லை. இத்தகைய குண்டுகளுக்குத் திருத்திய சூத்திரம் உண்டு, பல கணிப்பான்களில் முனை நீளத்தைத் தனியாகக் கேட்கும். கேட்டால் அளந்து கொடுங்கள்.

இடப்புரி, வலப்புரி வித்தியாசம்?

நிலைப்புத்தன்மையில் எதுவும் இல்லை. வலப்புரியில் குண்டு நெடுந்தூரத்தில் மெல்ல வலப்பக்கம் ஒதுங்கும், இடப்புரியில் இடப்பக்கம். லீ-என்ஃபீல்டு .303 இடப்புரி 1:10, மற்ற பெரும்பாலானவை வலப்புரி. 300 கெஜத்துக்குள் மறந்துவிடலாம்.

என்னிடம் 1:9 குழல் உள்ள .223. 77 கிரெயின் பெட்டி வாங்கலாமா?

ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள். 100 கெஜத்தில் புதுத் தாளில் பத்து சுட்டு, குழு அளவைப் பார்ப்பதற்கு முன் துளைகளின் வடிவத்தைப் பாருங்கள். எல்லாம் துல்லிய வட்டம் என்றால் குழல் தாங்குகிறது. ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவில் இருந்தால், அல்லது துளையின் ஓரத்தில் குண்டின் பக்கவாட்டுக் கறை படிந்திருந்தால் எல்லையில் நிற்கிறீர்கள். சாவித் துவாரம்போல் ஒன்று இருந்தாலும் அந்தக் குண்டு உங்கள் குழலுக்கு வேண்டாம், 69-க்கு இறங்கிவிடுங்கள். வெயில் நாளில் வட்டமாக விழுந்ததை வைத்து மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். நீங்கள் சுடப்போகும் மிகக் குளிரான காலையில் இன்னொரு பத்து சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.